வீட்டில ஒக்சிஜன் மெஷின்: எத்தினை லீற்றர், ஆர் கூட்டலாம், கரண்ட் போனா என்ன செய்யிறது

கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை பக்கம் பிளாட்டுகளில ஒக்சிஜன் கொன்சன்ட்ரேட்டர், அதாவது காத்தில இருந்து ஒக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கிற கரண்ட் மெஷின், வாடகைக்கு எடுத்து வச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம், ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி அனுப்பேக்க "வீட்டில ஒக்சிஜன் குடுங்கோ" எண்டு சொல்லி விடுவினம், மெஷின் கொண்டு வாற பொடியன் சுவிட்சைக் காட்டிட்டுப் போயிடுவான். மிச்சம் எல்லாம் வீட்டுக்காரற்ர தலையில.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, ஒக்சிஜன் மருந்து. அதுக்கு அளவு இருக்கு. துண்டில நாலு விஷயம் எழுதியிருக்கோணும்: சும்மா இருக்கேக்க நிமிஷத்துக்கு எத்தினை லீற்றர், நடக்கேக்க எத்தினை, நித்திரையில எத்தினை, ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம். அதோட விரல்ல மாட்டி ரத்தத்தில ஒக்சிஜன் எத்தினை வீதம் எண்டு பாக்கிற ஒக்சிமீற்றர்ல எந்த நம்பருக்குள்ள நிக்கோணும் எண்டதையும் கேட்டு எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ. டொக்டர் அவசரத்தில இருந்தாலும் பரவாயில்லை, வாசல்ல நிண்டு கேளுங்கோ.

இந்த நம்பர்லதான் கனபேர் பிழை விடுறது. சீஓபிடி, அதாவது வருஷக்கணக்கா சிகரட் குடிச்சோ அடுப்புப் புகையாலயோ நெஞ்சு பழுதானவைக்கு வழமையா 88க்கும் 92க்கும் இடையில நிண்டாக் காணும். பிள்ளையள் 90ஐப் பாத்திட்டுப் பயந்து குமிழைத் திருகி 4, 5 லீற்றருக்கு ஏத்துவினம், நம்பர் 98 வந்திடும், எல்லாருக்கும் சந்தோஷம். உள்ள என்ன நடக்குதெண்டா இப்பிடியான ஆக்களில சிலருக்கு ஒக்சிஜன் கூடினா காபனீரொட்சைட்டு வெளியில போகாமல் ரத்தத்தில ஏறும். காலையில தலையிடி, ஆளுக்குத் தூக்கம் தூக்கமா வரும், மாறிக் கதைப்பார், கையை நீட்டச் சொன்னா விரல் படபடக்கும். "அப்பா இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளுறார்" எண்டு சனம் சொல்லும், எழுப்பினா எழும்ப மாட்டார். விரல்ல 98 எண்டு காட்டிக்கொண்டே இருக்கும், ஏனெண்டா அந்தச் சின்ன மெஷினுக்கு காபனீரொட்சைட்டு தெரியாது. 2010ல தஸ்மேனியாவில சீஓபிடி எண்டு சந்தேகிச்சு அம்புலன்ஸ்ல ஏத்தின ஆக்களை வச்சு ஆய்வு செய்தவை, அள்ளிக் குடுத்த பக்கம் நூற்றுக்கு 9 பேர் செத்தினம், 88-92க்குள்ள அளந்து குடுத்த பக்கம் 4 பேர்.

அதுக்காகப் பயந்து நிப்பாட்டுறதும் பிழை. நீண்டகால ஒக்சிஜன் எழுதிக் குடுத்தா ஒரு நாளைக்கு ஆகக்குறைஞ்சது 15 மணித்தியாலம் போடோணும். 1981ல வந்த பிரித்தானிய ஆய்வொண்டில அப்பிடிப் போட்ட 42 பேரில 19 பேர்தான் செத்தது, போடாத 45 பேரில 30 பேர். மூச்சு வாங்கேக்க மட்டும் பத்து நிமிஷம் போட்டுக் கழட்டிறதால அந்தப் பலன் வராது.

மெஷினை சுவரோடயோ கர்டினோடயோ ஒட்டி வைக்காதேங்கோ, காத்து இழுக்க இடம் வேணும். லீற்றர் காட்டுற குழாயில பந்தின்ர நடுப்பகுதி கோட்டில நிக்கோணும், குனிஞ்சு கண் மட்டத்தில வச்சுப் பாருங்கோ. தண்ணிப் போத்தல் இருந்தா கொதிச்சு ஆறின தண்ணி, தினம் மாத்துங்கோ, பைப் தண்ணி வேண்டாம். பில்டரைக் கிழமைக்கொருக்கால் கழுவிக் காயவிட்டுப் போடுங்கோ, காலி வீதிப் பக்கம் ஜன்னல் திறந்து வச்சிருக்கிற வீடெண்டா ரெண்டு தரம். மூக்கு காய்ஞ்சா வசிலின் பூசாதேங்கோ, எண்ணெய் சேந்தா நெருப்புப் பிடிக்கும், தண்ணி அடிப்படையான ஜெல் பாமசியில கேளுங்கோ. எங்கட வீடுகளில பெரிய ஆபத்து சாமி விளக்குத்தான். சாமித் தட்டு இருக்கிற அறையில ஆளைப் படுக்க வைச்சிட்டு வெள்ளிக்கிழமை விளக்கும் சாம்பிராணியும் கொளுத்துறவை இருக்கினம். மூண்டு மீற்றராவது தள்ளி, ஏலுமெண்டா வேற அறையில. சிகரட் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

கரண்ட் போனா கம்பியூட்டர் யூபிஎஸ்ஸை நம்பாதேங்கோ, 5 லீற்றர் மெஷின் 300 வாட்ஸ் அளவில இழுக்கும், அது கனநேரம் தாங்காது. ஒரு சிலிண்டர் தயாரா வச்சிருங்கோ. கணக்கு லேசு: சிலிண்டர்ல எழுதியிருக்கிற தண்ணி லீற்றரை (அதுக்குள்ள எத்தினை லீற்றர் தண்ணி கொள்ளும் எண்ட அளவு) மீற்றர் காட்டுற பார்ஆல (அமுக்கத்தின்ர அளவு) பெருக்கி, நீங்கள் குடுக்கிற லீற்றரால பிரிக்கோணும். 10 லீற்றர் சிலிண்டர், 150 பார், நிமிஷத்துக்கு 2 லீற்றர் எண்டா 750 நிமிஷம், பன்னிரண்டரை மணித்தியாலம். அடியில கொஞ்சம் மிச்சம் விட்டுக் கணக்குப் போடுங்கோ. ஏழாம் மாடியெண்டா லிப்டும் நிக்கும், அதால சிலிண்டர் மேலயே இருக்கோணும், கீழ வோச்சர் அறையில வச்சிருந்து பிரயோசனமில்லை.

இனி ஆர் கூட்டலாம் எண்ட கதை. அமெரிக்காவில ஒக்சிஜனையும் மூச்சையும் பாக்கிறதுக்கெண்டே ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் எண்டு ஒரு தொழில் இருக்கு, அது சிலிண்டர் தள்ளிக்கொண்டு வார்ட் வார்டா திரிஞ்ச ஆக்களில இருந்து வந்தது, 1947ல சிகாகோவில சங்கம் வச்சினம். 1952ல கொப்பன்ஹேகனில போலியோ வந்து ஆக்களால மூச்சு விட ஏலாமல் போனபோது மருத்துவ மாணவர்கள் ராப்பகலா முறை மாறி இருந்து கையால பையை அமத்தி மூச்சுக் குடுத்தவை. அந்தத் தொழிலில இப்ப இருக்கிற ஒழுங்கு வீட்டுக்கும் பொருந்தும்: எழுதிக் குடுத்த அளவை மீறாதே, செய்ததை எழுதி வை, தெரியாததைச் செய்யாதே, ஆளிட்டைக் கேள். எங்கட இடத்தில இந்த வேலையை நேர்ஸும் பிசியோவும் பாக்கினம், வீட்டில மருமகள் பாக்கிறா. ஒரு கொப்பியில நேரம், லீற்றர், நம்பர், ஆள் எப்பிடி இருந்தார் எண்டு எழுதுங்கோ, லண்டனில இருந்து வீடியோ கோல்ல "கூட்டுங்கோ" எண்டு சொல்லுற தம்பிக்கு அந்தக் கொப்பியைக் காட்டுங்கோ. டொக்டரிட்டைப் போகேக்க நம்பரைக் கூட்டிச் சொல்லாதேங்கோ, ஏச்சு விழும் எண்டு நினைச்சு "தினமும் போட்டவர்" எண்டு பொய் சொன்னா அந்தப் பொய்யை வச்சுத்தான் அடுத்த அளவு எழுதுவினம்.

வருத்தக்காரர் ரியூபைக் கழட்டி எறிஞ்சா முதல்ல ஏனெண்டு கேளுங்கோ. காதுக்குப் பின்னால புண்ணா இருக்கும், சத்தமா இருக்கும், பேரப்பிள்ளை பாக்க வெக்கமா இருக்கும். நித்திரையில களவாப் போட்டு விடுறது வேண்டாம். வருத்தம் கூடினா வென்டிலேட்டர் வேணுமா எண்டதையும் அவர் தெளிவாக் கதைக்கிற நாளில அவரிட்டையே கேட்டு, கிளினிக்ல சொல்லி வையுங்கோ. எழுப்ப ஏலாத தூக்கம், உதடு நீலம், வசனம் முடிக்க ஏலாத இழுப்பு எண்டா 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, சீஓபிடிக்காரரெண்டா வாறவையிட்டை "சீஓபிடி, 88 தொடக்கம் 92" எண்டு முதல் வசனமாச் சொல்லுங்கோ, கொப்பியையும் கையில குடுத்து விடுங்கோ.