மீன்தொட்டிக் கண்ணாடியில் வெள்ளைக் கறை: நான் போக்கிய விதம்

தொட்டியின் மேல் விளிம்பை ஒட்டி, தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கறை. ஈரத்துணிக்கு அசையவே இல்லை. அது கால்சியம் படிவு, அமிலத்துக்குத்தான் கரையும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயை நான் தொட்டிப் பக்கமே கொண்டுபோவதில்லை. பலவற்றில் அம்மோனியா உண்டு, மீனின் செவுள் தாங்காது.

விளக்கின் பிளக்கைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியை நனைத்தேன். நேராகத் தெளித்தால் சாரல் உள்ளே போகும். சொட்டாதபடி பிழிந்து, கறைமேல் 10 நிமிடம் ஒட்டிவைத்தேன். ஓரங்கள் மாவு மாதிரி இளகின. அப்புறம் தேய்த்ததும் வந்துவிட்டது. மூலையில் அடம்பிடித்ததை மட்டும் பிளேடைச் சாய்த்துச் சுரண்டினேன், சிலிகான் ஒட்டில் படாமல். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடே வேண்டாம், கீறல் விழும். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் இன்னொன்று.