வெள்ளி விலை மாறும்போது முழு இண்டெக்ஸையும் ஏற்ற வேண்டாம்: சோலரில் விலையை மட்டும் மாற்றும் வழி

சேலம் செவ்வாய்பேட்டையில் மொத்தமாகக் கொலுசு விற்கும் ஒரு கடைக்கு அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளில் தேடல் அமைத்துக் கொடுத்தேன். சுமார் ஒன்பதாயிரம் டிசைன்கள். பெயர், விளக்கம், எடை எல்லாம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். விலை மட்டும் தினமும் மாறும். காலையில் வெள்ளி விலை வந்ததும் அத்தனை கொலுசுக்கும் புது விலை போட்டாக வேண்டும். டேட்டாபேஸில் ஆறேழு டேபிளைச் சேர்த்து எடுத்து, இண்டெக்ஸ் (சோலர் தேடுவதற்காக வைத்திருக்கும் தொகுப்பு) முழுவதையும் மறுபடி ஏற்றினால் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வெளியூர்க் கடைக்காரர்கள் நேற்றைய விலைக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். அதனால்தான் விலை ஃபீல்டை மட்டும் மாற்றும் வழிக்கு வந்தேன்.

சோலரை நிறுவி, கோர் (ஒரு இண்டெக்ஸும் அதன் அமைப்புகளும்) உருவாக்கி, டேட்டாவும் ஏற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மாற்றங்களைக் குறித்து வைக்கும் அப்டேட் லாக் இயங்க வேண்டும். வழக்கமான அமைப்பில் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கும்.

படி 1: அனுப்பும் வடிவம்

ஐடியையும் விலையையும் நேராக எழுதி ஜேசன் அனுப்பினால், பழைய டாக்குமெண்ட் (இங்கே ஒரு டிசைனின் பதிவு) முழுவதும் போய், அந்த இரண்டு ஃபீல்டு மட்டும் உள்ள புது டாக்குமெண்ட் வந்து உட்காரும். விலைக்கு எண்ணை நேராகத் தராமல், 'செட்' என்ற சாவிக்குள் வைத்துத் தர வேண்டும். இருப்பைக் கூட்டவோ குறைக்கவோ 'இன்க்'. இதற்குப் பெயர் அட்டாமிக் அப்டேட். 2012இல் வந்த சோலர் 4.0 முதல் இருக்கிறது.

சோதிக்க, கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் எனக்குப் போதும். போஸ்ட்மேனைவிட அதுதான் பிடிக்கும், அந்த வரியை அப்படியே ஸ்கிரிப்டில் ஒட்டிக்கொள்ளலாம். தினசரி வேலைக்கு பைதானில் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம். தனியாக சோலர் நூலகம் தேவைப்படவில்லை.

படி 2: மற்ற ஃபீல்டுகளைப் பாருங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

முதல் நாள் விலை சரியாக மாறியது. மதியம் கடையிலிருந்து போன்: "தம்பி, சலங்கைக் கொலுசுன்னு போட்டா ஒண்ணுமே வரலையே?" அட்மின் பக்கத்தில் ஒரு டாக்குமெண்டைத் திறந்து பார்த்தேன். ஐடி இருக்கிறது, எடை இருக்கிறது, புது விலையும் இருக்கிறது. எதுவும் குறைந்ததாகவே தெரியவில்லை. ஒரு மணி நேரம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். சோலருக்கு அடியில் இருக்கும் லூசீன் என்ற தேடல் நூலகம், டேட்டாவை செக்மெண்ட் என்ற கோப்புகளில் எழுதுகிறது. எழுதி முடித்த செக்மெண்டில் ஒரு டாக்குமெண்டை அங்கேயே திருத்த முடியாது. அதனால் 'விலையை மட்டும் மாற்று' என்றாலும், சோலர் பழைய டாக்குமெண்டைப் படித்து, விலையை மாற்றி, முழுவதையும் புதிதாக எழுதி, பழையதை அழித்ததாகக் குறித்துக்கொள்ளும். படிக்க முடிவது ஸ்டோர்டு (மூல மதிப்பை அப்படியே சேமித்து வைப்பது) அல்லது டாக்வேல்யூஸ் (ஃபீல்டு வாரியாக மதிப்புகளைத் தனியே வைப்பது) உள்ள ஃபீல்டுகளை மட்டும்தான். இடம் மிச்சமாகட்டும் என்று விளக்கம் ஃபீல்டை நான் ஸ்டோர் செய்யாமல் விட்டிருந்தேன். படிக்க முடியாதது புது டாக்குமெண்டில் சேராது. ஸ்டோர் செய்யாத ஃபீல்டு அட்மின் பக்கத்தில் முன்பும் தெரியாது என்பதால், போனதும் தெரியவில்லை.

ஆகவே ஃபீல்டுகளின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமாவைத் திறந்து எல்லா டெக்ஸ்ட் ஃபீல்டையும் ஸ்டோர்டு ஆக்குங்கள். காப்பிஃபீல்டு (ஒரு ஃபீல்டை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் அமைப்பு) போய்ச் சேரும் ஃபீல்டு மட்டும் விதிவிலக்கு, அது ஸ்டோர்டாக இருக்கக் கூடாது. இருந்தால் அதே வார்த்தைகள் ஒவ்வொரு அப்டேட்டிலும் மறுபடி சேரும். மாற்றியபின் ஒருமுறை முழுவதையும் ஏற்றியே ஆக வேண்டும். ஒரே ஒரு டாக்குமெண்டை அப்டேட் செய்து, அதன் விளக்கத்தில் உள்ள ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்கள். பார்த்து நம்பாதீர்கள், தேடி நம்புங்கள்.

படி 3: இன்பிளேஸ் அப்டேட்

மேலே சொன்ன வழியில் டாக்குமெண்ட் முழுவதும் திரும்ப எழுதப்படுகிறது. டாக்வேல்யூஸ் தனியே இருப்பதால், எண் மதிப்புக்கு அதையும் தவிர்க்கலாம். சோலர் 6.5இல், 2017இல், இன்பிளேஸ் அப்டேட் வந்தது. விலை ஃபீல்டு எண் வகையாக, ஒற்றை மதிப்பாக, இண்டெக்ஸ்டு இல்லாமல், ஸ்டோர்டு இல்லாமல், டாக்வேல்யூஸ் மட்டும் உள்ளதாக இருக்க வேண்டும். சோலரே வைத்திருக்கும் வெர்ஷன் ஃபீல்டும் இதே மாதிரி இருக்க வேண்டும். பழைய ஸ்கீமாவில் அது வேறு மாதிரி இருக்கும், பலரும் கவனிப்பதில்லை. இப்படி அமைத்தால் செட், இன்க் இரண்டும் அந்த மதிப்பை மட்டும் மாற்றும்.

ஸ்டோர் செய்யாவிட்டால் விலை எப்படித் தெரியும் என்று பயப்படாதீர்கள். டாக்வேல்யூஸிலிருந்தே முடிவுகளில் காட்டும், வரிசைப்படுத்தும், 'இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வரை' என்ற வடிகட்டலும் நடக்கும். கோடிக்கணக்கான டாக்குமெண்ட் இருந்தால் வடிகட்டல் மெதுவாகும். ஒன்பதாயிரத்துக்குக் கண்ணுக்கே தெரியாது.

ஏதாவது ஒரு நிபந்தனை தவறினால் சோலர் சத்தமில்லாமல் பழைய வழிக்கே போய்விடும். 'அப்டேட்.பார்ஷியல்.ரிக்வயர்இன்பிளேஸ்' என்ற பாராமீட்டரை ட்ரூ என்று அனுப்புங்கள். இன்பிளேஸ் முடியாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

படி 4: ஐநூறு ஐநூறாக அனுப்பி, கமிட் (மாற்றங்களைத் தேடலில் தெரியவைக்கும் கட்டளை) கடைசியில் ஒரே ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் கமிட் போட்டால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

பின்சேர்க்கை

லூசீன் மேலேயே இயங்கும் இன்னொரு தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சில் இது உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அங்கேயும் பாதி டாக்குமெண்ட் அனுப்பலாம், ஆனால் உள்ளே சோர்ஸை (சேமித்து வைத்த மூல டாக்குமெண்டை) படித்து முழுவதையும்தான் மறுபடி எழுதும். தினமும் எண் மாறும் வேலைக்கு நான் சோலரைத்தான் சொல்வேன்.

எடையை வைத்துத் தேடும்போதே விலையைக் கணக்கிடலாமே என்று சிவதாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார். நல்ல யோசனை, தேடும்போதே கணக்குப் போடும் ஃபங்ஷன் குவெரியில் செய்யலாம். ஆனால் இந்தக் கடையில் செய்கூலி டிசைனுக்கு டிசைன் மாறும், முதலாளி கையால் ரவுண்டு பண்ணுவார். அதனால் விலையை நேராகவே வைத்தேன்.

இன்னொருவருக்கு வந்த சிக்கல்: விற்றுத் தீர்ந்து அழித்த டிசைன், காலையில் பெயரே இல்லாமல் வெறும் விலையோடு திரும்ப வந்து நின்றதாம். இல்லாத ஐடிக்கு செட் அனுப்பினால் சோலர் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். ஒவ்வொரு டாக்குமெண்டிலும் வெர்ஷன் ஃபீல்டுக்கு 1 என்று சேர்த்து அனுப்புங்கள். 'ஏற்கெனவே இருந்தால் மட்டும் மாற்று' என்று அர்த்தம். அந்த ஐடி இல்லாவிட்டால் 409 பிழை வரும். அந்த ஒன்றுக்காக மொத்தத் தொகுப்பும் நிற்காமல் இருக்க, 'ஃபெயில்ஆன்வெர்ஷன்கான்ஃப்ளிக்ட்ஸ்' பாராமீட்டரை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.