ஜெனரேட்டருக்கு ஏ.டி.எஸ். மாட்டுகிறீர்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. சில கிராமங்களுக்கு மறுபடி கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயலும் இதே கரையில்தான் ஏறியது. அந்த நாட்களைப் பார்த்தவர்கள் ஜெனரேட்டரை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். இப்போது கிளினிக், ஐஸ் கிடங்கு, அபார்ட்மெண்ட், சற்றுப் பெரிய வீடு என்று பலரும் இ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் கையால் மாற்றும் கைப்பிடி சேஞ்ச் ஓவரைக் கழற்றிவிட்டு, அந்த மாற்றத்தைத் தானாகவே செய்யும் சுவிட்சான ஏ.டி.எஸ். கேட்கிறார்கள்.

கைப்பிடியைத் திருப்புவதற்கு முன்னால் ஓர் ஆள் நின்று பார்ப்பார். மூன்று ஃபேஸும் வந்துவிட்டதா, வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா, ஏ.சி.யை அணைத்தாயிற்றா என்று பார்த்த பிறகுதான் கை போகும். ஏ.டி.எஸ். வந்துவிட்டால் அந்த ஆள் அங்கே இருக்கமாட்டார். அவர் பார்த்ததையெல்லாம் இந்தப் பெட்டியும் பார்க்குமா என்று கேட்காமல் வாங்குவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், உயிரை வாங்கும் தவறு. இ.பி. லைனும் ஜெனரேட்டரும் ஒரு நொடிகூடச் சேரக் கூடாது. விலை குறைவாக உள்ளூரில் கட்டித் தரும் சில பேனல்களில் இரண்டு கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் காந்தம்போல இழுத்து மூடும் சுவிட்ச்) இருக்கும். ஒன்று இழுத்திருக்கும்போது மற்றதன் காயிலுக்குக் கரண்ட் போகாதபடி வயரிங் செய்திருப்பார்கள். அதை மட்டும் நம்பக் கூடாது. கான்டாக்டரின் முனைகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டால், காயிலுக்குக் கரண்ட் நின்றாலும் முனைகள் பிரியாமல் இருக்கலாம். அதனால் ஒன்று மூடியிருக்கும்போது மற்றது அசையவே முடியாதபடி தடுக்கும் மெக்கானிக்கல் இன்டர்லாக் கட்டாயம் வேண்டும். மோட்டாரால் திரும்பும் ஒரே தண்டுள்ள சேஞ்ச் ஓவர் இன்னும் நல்லது.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் ஜெனரேட்டரின் கரண்ட், மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் அந்தக் கம்பியைத் தொடுவார். புயல் ஓய்ந்த மறுநாள், ஊரெல்லாம் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான் அவர்கள் கம்பத்தில் இருப்பார்கள். இரண்டு முனையிலும் பிளக் போட்ட வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பதும் இதே குற்றம்தான். அதை யார் வீட்டில் பார்த்தாலும் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி. எனக்குத் தெரிந்து அதிகம் குழம்புவது இங்கேதான். மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மூன்று போல் (சுவிட்ச் ஒரே நேரத்தில் பிரிக்கும் கம்பிகளின் எண்ணிக்கை) போதும், நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜெனரேட்டரின் நியூட்ரலுக்குத் தனி எர்த் இருக்கும்போது இப்படி விட்டால், திரும்பும் கரண்டில் ஒரு பங்கு இ.பி. நியூட்ரல் வழியாகவும் மண் வழியாகவும் சுற்றும். லீக்கேஜ் ஏற்பட்டால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் டிரிப் ஆகலாம். டிரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாமலும் போகலாம். மூன்று ஃபேஸுக்கு நான்கு போல், ஒரு ஃபேஸுக்கு இரண்டு போல் என்று கேட்டு வாங்குங்கள்.

நியூட்ரலைப் பிரித்தால் மட்டும் வேலை முடியாது. ஜெனரேட்டரின் நியூட்ரலை எர்த் செய்யாமல் விட்டால், லீக்கேஜ் ஏற்பட்டாலும் கரண்ட் திரும்பி வர வழி இருக்காது, ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும். நியூட்ரல் முனை லூஸாக இருந்தால் அது வேறு ஆபத்து: 230 வோல்ட்டுக்கான டிவியும் ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டு 400 வோல்ட் வரை வாங்கிப் புகையும். தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்பு ஈரம் ஜி.ஐ. எர்த் பைப்பைச் சீக்கிரம் அரித்துவிடும். தாமிரம் பூசிய ராடு போடுங்கள். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எர்த் ரெசிஸ்டன்ஸை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

செட்டிங்குக்கு வருவோம். சில பேனல்கள் ஒரு ஃபேஸை மட்டும்தான் கவனிக்கும். பலத்த காற்றில் கம்பத்தில் லைன்களை இணைக்கும் ஜம்பர் கம்பி அறுந்தோ ஃபியூஸ் போயோ ஒரு ஃபேஸ் மட்டும் போவது நமக்குப் பழக்கமானது. கவனிக்காத ஃபேஸ் போனால் ஏ.டி.எஸ். எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கும். மோட்டார் இரண்டு ஃபேஸில் முனகிச் சூடாகி எரியும். மூன்று ஃபேஸையும், குறைந்த வோல்டேஜ், அதிக வோல்டேஜ் இரண்டையும் பார்க்கும் கன்ட்ரோலர் வேண்டும். பொதுவாக 195 வோல்ட்டுக்குக் கீழும் 253 வோல்ட்டுக்கு மேலும் போனால் மாறும்படி வைக்கலாம். ஃபேஸ் வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதையும் சோதியுங்கள். மாறியிருந்தால் ஜெனரேட்டரில் போர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்.

நேர செட்டிங்கைக் கம்பெனியில் வைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போன 3 முதல் 5 வினாடி கழித்து ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனால் போதும், சின்னச் சின்ன வெட்டுக்கெல்லாம் ஓடாது. திரும்பி மாறும்போதுதான் பொறுமை வேண்டும். புயலுக்குப் பிறகு லைனைச் சோதித்துச் சோதித்துக் கொடுப்பார்கள்; கரண்ட் வரும், இரண்டு நிமிடத்தில் போகும். வந்த உடனே மாறும்படி வைத்திருந்தால் ஃபிரிட்ஜும் ஏ.சி. கம்ப்ரசரும் அடி மேல் அடி வாங்கும். சாதாரண நாட்களுக்கு 5 நிமிடம், புயல் காலத்துக்கு 15 நிமிடம் வைப்பேன். அப்புறம் ஜெனரேட்டர் லோடு இல்லாமல் 3 நிமிடமாவது ஓடி ஆறிய பிறகு நிற்கட்டும்.

அளவில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 15 கே.வி.ஏ. மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர் ஏறத்தாழ 21 ஆம்ப் கொடுக்கும் என்று கணக்குப் போட்டு 25 ஆம்ப் ஏ.டி.எஸ். வாங்குகிறார்கள். ஆனால் மற்ற நேரமெல்லாம் இ.பி. கரண்டும் அதே சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. மெயின் 63 ஆம்ப் என்றால் ஏ.டி.எஸ்.ஸும் அதற்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ், விளக்கு, மோட்டார், ஒரு ஏ.சி. என்று முக்கியமானவற்றைத் தனி போர்டில் பிரித்து, அந்த போர்டுக்கு மட்டும் மாட்டுங்கள். செலவும் குறையும், ஜெனரேட்டரும் திணறாது. நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

மாடியில் இ.பி.யோடு இணைந்த சோலார் இருந்தால் அதன் இணைப்பு ஏ.டி.எஸ்.ஸுக்கு முன்னால், இ.பி. பக்கமே இருக்கட்டும். பின்னால் இருந்தால் ஜெனரேட்டரின் கரண்டை இ.பி. என்று நினைத்து சோலார் இன்வெர்ட்டர் அதற்குள்ளேயே கரண்டைத் தள்ளப் பார்க்கும்.

பெட்டியைத் தரையோடு மாட்டாதீர்கள். கெடிலமும் தென்பெண்ணையும் ஏறும் பகுதி என்றால், பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே வையுங்கள். ஜெனரேட்டர் புகை வீட்டுக்குள் வராத வெளி இடத்தில் இருக்க வேண்டும். அந்தப் புகையில் உள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வேலையை லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள், மின்துறை அலுவலகத்திலும் தெரிவித்துவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே மூன்று ஃபேஸையும் ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, லோடோடு கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பேட்டரியையும் சார்ஜரையும் பாருங்கள். சர்வீஸுக்கு வந்தவர் செலக்டரை மேனுவலில் விட்டுப் போயிருக்கலாம், அவர் கிளம்பும் முன் அது ஆட்டோவில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.