அனிமே பற்றி ரசிகர்கள் எழுதியதைப் படிக்கச் சொல்வது எப்படி

"செம ஆர்டிகிள் மச்சி, கண்டிப்பா படி" என்று வாட்ஸாப் குழுவில் வந்து விழும் கட்டுரைகளில் பெரும்பாலானவை திறக்கப்படாமலே மேலே நகர்ந்து போய்விடும். படிப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), எத்தனையாவது எபிசோடு வரை பார்த்திருக்க வேண்டும், படிக்க எவ்வளவு நேரமாகும், முடிவு முன்கூட்டியே தெரிந்து கதை உடைந்துவிடுமா என்ற நாலு கேள்விக்கும் அந்த ஒரு வரியில் விடை இல்லை. பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸுக்குள் நசுங்கி நிற்பவர், இதையெல்லாம் யூகித்து ஒரு கட்டுரையைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பெங்களூரில் தமிழ் பேசும் அனிமே ரசிகர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை, படிக்க வேண்டிய கட்டுரைகளுக்கு ஒரு பரிந்துரைப் பட்டியல் போட நினைத்தால், கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை செய்ய வேண்டியவை இவை.

தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு சோதனை போதும். கட்டுரையைப் படித்து முடித்ததும் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டுப் பார்க்கக் கை பரபரக்கிறதா? பரபரத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அழகான நடையாக இருந்தாலும், எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், காட்சிக்குத் திரும்பத் தோன்றவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உடனே முடிவு செய்யவும் வேண்டாம். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறை படியுங்கள். முதல் முறை நமக்குப் பிடித்தது பல சமயம் கட்டுரையாக இருக்காது. நமக்குப் பிடித்த அனிமேயை ஒருவர் புகழ்ந்ததாகத்தான் இருக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது, கதைச் சுருக்கம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எழுதியவர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார், இன்னும் பேச வந்ததைப் பேச ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, தகவல் சரியா என்று பார்ப்பது. ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் ஓடும் பெயர்களில் ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் முன்வரைவு) வரைந்தவர், அந்த எபிசோடை இயக்கியவர், ஓவியத்தைச் சரிபார்த்த அனிமேஷன் டைரக்டர், முக்கிய ஓவியங்களை வரைந்தவர்கள் என்று தனித்தனியாகப் போடுவார்கள். தொடரின் இயக்குநர் வேறு, அந்த எபிசோடின் இயக்குநர் வேறு. ஒரு சண்டைக் காட்சியின் பெருமை முழுவதையும் தொடர் இயக்குநருக்கே கொடுத்துவிடும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஒரு எபிசோடின் முடிவில் பாஸ் போட்டு நிறுத்தி, பெயரைச் சரிபார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். தப்பாக இருந்தால் மற்ற தகவல்களையும் நம்பாதீர்கள்.

கிட்டத்தில் வைத்துப் பார்க்க ஓர் உதாரணம். 'ஹருஹி சுசுமியா' தொடரில் 2009-ஆம் ஆண்டு 'எண்ட்லெஸ் எய்ட்' என்ற பெயரில் எட்டு எபிசோடுகள் வந்தன. கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரம், ஆகஸ்ட் 17 முதல் 31 வரை, திரும்பத் திரும்ப நடக்கிறது. கதைப்படி இது 15,532 முறை சுற்றுகிறது. நமக்கு அதில் எட்டைக் காட்டினார்கள். வாரம் ஒன்றாக எட்டு வாரம் அதே கதையைப் பார்த்த ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இதைப் பற்றி எழுதும் ஒருவர் "ஒரே காட்சியை எட்டு முறை போட்டு ஏமாற்றினார்கள்" என்று எழுதினால், அவர் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எட்டையும் புதிதாகவே வரைந்தார்கள், குரலையும் புதிதாகவே பதிவு செய்தார்கள். நீச்சலுடை மாறுகிறது, திருவிழாவில் போடும் யுகாதா மாறுகிறது. கஃபேயில் நாயகி ஹருஹி எழுந்து வெளியே போகும் இடத்தில் கேமரா நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. பரிந்துரைக்க வேண்டியது, அந்தக் கஃபே காட்சிகளை வரிசையாக வைத்து "இங்கே முகத்தை ஏன் காட்டவில்லை" என்று கேட்கிற கட்டுரையை. எட்டும் பிடிக்கவில்லை என்றே அது முடிந்தாலும் பரவாயில்லை.

அதே போல 2016-இல் நவோகோ யமதா இயக்கிய 'எ சைலன்ட் வாய்ஸ்' படத்தில் முகத்துக்குப் பதில் கால்களைக் காட்டும் இடங்கள் நிறைய உண்டு. "இயக்குநரின் ஸ்டைல்" என்று ஒரு வரியில் கடந்து போகும் கட்டுரை வேண்டாம். எந்தக் காட்சியில், யாருடைய கால், அது என்ன சொல்கிறது என்று நின்று பேசுவதுதான் வேண்டும்.

பரிந்துரையை எழுதுவது

நாற்பது முதல் அறுபது சொல். அதற்கு மேல் போனால் கட்டுரையைப் படிக்காமல் பரிந்துரையைப் படித்தே திருப்தியாகிவிடுவார்கள். மேலே சொன்னது போன்ற ஒரு கட்டுரை கையில் கிடைத்ததாக வைத்துக்கொண்டால், பரிந்துரை இப்படி வரலாம்:

"ஹருஹி சுசுமியா, 2009 ஒளிபரப்பு வரிசையில் 12 முதல் 19 வரை. எட்டு கஃபே காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து, கேமரா எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பேசுகிறார். 12, 13, 19 மூன்றையாவது பார்த்துவிட்டுப் படியுங்கள், இல்லையென்றால் முடிவு உடைந்துவிடும். ஆங்கிலம், 1800 சொல், ஒன்பது நிமிடம். படித்ததும் 15-ஆம் எபிசோடின் கஃபே காட்சியைத் திரும்பப் பாருங்கள்."

"அருமை", "ஆழமான பார்வை", "மிஸ் பண்ணாதீங்க" எதுவும் இதில் இல்லை. அவற்றை எந்தக் கட்டுரைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். அதனால்தான் யாரும் நம்புவதில்லை. கடைசி வரி மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுப்போகக் கூடாது. எந்த எபிசோடு, எந்தக் காட்சி, முடிந்தால் எத்தனையாவது நிமிடம்.

படிக்கும் நேரத்துக்கு நிமிடத்துக்கு 200 சொல் என்று கணக்கு வையுங்கள். 1500 சொல் என்றால் ஏழெட்டு நிமிடம். மெட்ரோ பர்ப்பிள் லைனில் பையப்பனஹள்ளியில் ஏறுபவர் எம்.ஜி. ரோடு வருவதற்குள் முடித்துவிடலாம். அதைத் தாண்டினால் மெட்ரோ சுரங்கத்துக்குள் போய்விடும், போன் சிக்னலை நம்ப முடியாது. நீளமான கட்டுரையென்றால் "வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சேருங்கள். 4000 சொல்லைத் தாண்டியவற்றை மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் போடாதீர்கள்.

கதை உடைவது பற்றி

"ஸ்பாய்லர் இருக்கு" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது. எது வரை பார்த்தவர் படிக்கலாம் என்று எண் போட்டுச் சொல்ல வேண்டும். அந்த எண்ணில்தான் குழப்பமே வரும். ஹருஹியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2006-இல் 14 எபிசோடுகளைக் காலவரிசையைக் கலைத்துப் போட்டார்கள். 2009-இல் பழைய 14, புதிய 14, ஆக 28-ஐயும் கதை நடக்கும் வரிசையில் போட்டார்கள். "ஐந்தாவது எபிசோடு" என்று நீங்கள் எழுதினால் இருவர் இரண்டு வெவ்வேறு எபிசோடைப் பார்ப்பார்கள். அதனால்தான் மேலே "2009 ஒளிபரப்பு வரிசையில்" என்று சேர்த்தோம்.

படமும் தொடரும் பின்னிக்கிடக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 'எவாஞ்செலியன்' 1995 அக்டோபரில் தொடங்கி 26 எபிசோடில் முடிந்தது. 1997-இல் அதன் முடிவை வேறு விதமாகச் சொல்லும் படம் வந்தது. கடைசி இரண்டு எபிசோடைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் படத்தையும் இழுத்துவிடும். "26 எபிசோடு, கூடவே 1997 படம்" என்று இரண்டையும் எழுதுங்கள்.

யாருக்கு எதைக் கொடுப்பது

ஒரே பட்டியலை எல்லாருக்கும் தள்ளிவிடாமல், ஐந்தில் ஒன்றையாவது அனிமேயே பார்க்காத வீட்டுக்காரர்களுக்கு என்று ஒதுக்கலாம். யூகோ சகோ, கொய்ச்சி சசாகி, நம் ஊர் ராம் மோகன் மூவரும் இயக்கிய ராமாயணப் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குக்கு வந்தது. "அம்மா, இந்தப் படத்துல ராமரை ஜப்பான்காரங்க எப்படி வரைஞ்சிருக்காங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், நான் படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டால் அம்மாவும் உட்கார்ந்து கேட்பார். கதை அவருக்குத் தெரியும் என்பதால், வரைந்த விதத்தைப் பற்றி அவரே நம்மைவிட அதிகம் பேசுவார்.

அனிமேஷன் நுட்பம் பேசும் கட்டுரைகளைப் புதியவருக்குக் கொடுக்கும்போது இரண்டு வரி முன்னுரை போடுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 ஓவியம் போதும், மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் 8. ஒரே காட்சிக்குள் இந்த எண்ணை மாற்றி வரைவதால்தான் சில அடிகள் கனமாகவும் சில அசைவுகள் மிதப்பது போலவும் தெரிகின்றன. இது தெரிந்தால் போதும், மீதியைக் கட்டுரை பார்த்துக்கொள்ளும். 'சகுகா' போன்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அப்படியே வைத்து, 'அசைவுக்காகவே ரசிக்கிற அனிமேஷன்' என்று ஒருமுறை விளக்கினால் சரி. பெயர்களை மட்டும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓர் இயக்குநரின் பெயர் ஓரிடத்தில் மியாசாகி, இன்னோரிடத்தில் மியாஸகி என்று வந்தால் பிறகு தேடும்போது கிடைக்காது.

அனுமதி

பெயரையும் தலைப்பையும் போட்டுச் சுட்டிக்காட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு வரி மேற்கோள் காட்டிப் பேசுவதிலும் தப்பில்லை. முழுக் கட்டுரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது, தமிழில் பெயர்த்து அச்சடிப்பது இரண்டும் வேறு கதை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதால் அது மாறாது. எழுதியவருக்கு நேரடியாகக் கடிதம் போடுங்கள்: எந்தக் கட்டுரை, எந்த மொழி, எத்தனை பிரதி, விலை உண்டா இல்லையா. பதில் வரவில்லையென்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் சொந்த வார்த்தையில் பரிந்துரையை மட்டும் போடுங்கள்.

தாளில் போடுவதென்றால்

நேரில் கூடும் குழுவுக்குக் கையில் கொடுக்கிற ஒரு தாள் வாட்ஸாப்பைவிட நன்றாக வேலை செய்யும். ஒரே ஏ4 தாளை எட்டுப் பக்கச் சிறு இதழாக மடிக்கலாம். தாளைப் படுக்க வைத்து நாலு பத்தி, இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து 6, 7, 8, 1 என்ற பக்கங்கள். மேல் வரிசையில் தலைகீழாக 5, 4, 3, 2. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, எல்லாக் கோட்டிலும் மடித்துப் பிரித்து, நடுவில் உள்ள படுக்கைக் கோட்டை இரண்டாம் மூன்றாம் பத்தி அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். பிறகு நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்ளே தள்ளினால் இதழ் தானே சேர்ந்துகொள்ளும். 1 அட்டை, 2 முதல் 6 வரை ஐந்து பரிந்துரை, 7-இல் சொல் விளக்கம், 8-இல் அடுத்த சந்திப்பு எங்கே, எப்போது என்ற விவரம்.

ஒரு பக்கத்தின் அளவு சுமார் 74க்கு 105 மில்லிமீட்டர்தான். 9 பாயிண்ட் எழுத்தில் அறுபது சொல் வசதியாக அடங்கும். அதனால்தான் முன்னே அந்த அளவைச் சொன்னோம். ஓரத்தில் 5 மில்லிமீட்டர் விடாவிட்டால் பிரிண்டர் எழுத்தைக் கடித்துவிடும். கடைக்கு வேர்டு ஃபைலாகக் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் வைத்த தமிழ் எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்து, வரி நீண்டு, கடைசிப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கொடுங்கள். "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை எடுத்துவிட்டு, உள்ளபடியான அளவில் அச்சிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மடிப்புக் கோடு எழுத்தின் மேலேயே வந்து விழும். முதலில் ஒரு பிரதி எடுத்து, கடையிலேயே மடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள்.

கொடுத்த பிறகு

"படிச்சியா?" என்று கேட்டால் "டைம் இல்லப்பா" என்றுதான் பதில் வரும். "அந்த 15-ஆவது எபிசோடு கஃபே சீன் பார்த்தியா? எதுக்குடா கேமராவை அங்க வச்சாங்க?" என்று கேளுங்கள். படிக்காதவர்கூட அன்று ராத்திரி அதைத் தேடிப் பார்ப்பார். சந்திப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த ஒரு காட்சியை மட்டும் போனிலோ லேப்டாப்பிலோ போட்டு, கட்டுரையாளர் சொன்னது சரிதானா என்று பேசுங்கள். ஒத்துப்போகாதவர் இருந்தால் அடுத்த மாதப் பரிந்துரையில் ஒன்றை அவரிடம் எழுதக் கொடுங்கள்.

பேச்சு முடிந்ததும் எழுதியவருக்கு நாலு வரி அனுப்புங்கள்: எந்தப் பத்தியைப் படித்துவிட்டு எந்தக் காட்சிக்குத் திரும்பினீர்கள், அங்கே அவர் சொல்லாமல் விட்ட எதைப் பார்த்தீர்கள் என்று.