காகிதப்பூ போன்சாய்: கம்பி கட்டும் பருவம்

காகிதப்பூச் செடியைப் போன்சாய் (தொட்டியில் வளர்க்கும் குட்டை மரம்) ஆக்க நினைப்பவர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே தட்டையான தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். அவசரமே வேண்டாம். வேண்டிய அளவுக்குத் தண்டு பருக்கும்வரை பெரிய தொட்டியில், நல்ல வெயிலில் வளரட்டும். சின்னத் தொட்டிக்குப் போனால் தண்டு பருப்பது ரொம்பவே மெதுவாகிவிடும்.

கிளையை வளைக்கச் சரியான நேரம், அதன் பச்சை மாறி லேசாகப் பழுப்பு ஏறும்போதுதான். முற்றிய கிளை வளையாது, படக்கென்று ஒடிந்துவிடும். அலுமினியக் கம்பியைக் கிளைமேல் சுமார் 45 பாகை சாய்வில் சுற்றி, முள் குத்தாமல் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். வாரம் ஒருமுறை கவனியுங்கள். பட்டையில் பதியத் தொடங்கியதும் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். சுற்றைப் பிரித்தால் கிளை முறியலாம்.

அப்புறம், தடித்த கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள். காயம் சுலபத்தில் மூடாது, அழுகல் தண்டுக்குள் இறங்கிவிடும். சிறு குச்சியாக விட்டு, காய்ந்தபின் செதுக்குங்கள். தொட்டி மாற்றும்போது வேர்மண்ணை உதறவும் வேண்டாம், மெல்லிய வேர்கள் எளிதில் அறுந்துவிடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் தங்கிக்கொண்டே இருந்தால் இலைதான் பெருகும், பூ குறையும்.