பட்ச் மாறினாலும் சாகாத சங்கத் தளம்

பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் இணையத்தளம் ஒன்றைத் திறந்தால் முதலில் வருவது செயற்குழுவின் குழுப்படம், அடுத்தது தலைவரின் வாழ்த்துரை. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அன்றிரவு கைபேசியில் தேடுகிற பிள்ளைக்கு இரண்டாலும் பயனில்லை. எங்கே இறங்குவது, விடுதி கிடைக்குமா, மகாபொலப் புலமைப்பரிசிலுக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் கேள்வி. ஆகவே முகப்பை வடிவமைக்க முன் புதுமுக மாணவர் பக்கத்தை எழுதி முடியுங்கள்.

அதில் ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்ததை எழுத வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர் மன்னார் வீதி பஸ்ஸில் ஏறிப் பம்பைமடுவில் இறங்க வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களுக்கு வருபவர் ஏ9 வீதியில் முறிகண்டிக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையில் அறிவியல்நகரில் இறங்க வேண்டும். எந்த ரயில் அறிவியல்நகரில் நிற்கும், எது நிற்காமல் போகும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை நிலையத்தில் விசாரித்து எழுதி, விசாரித்த திகதியையும் கீழே போடுங்கள். தென்பகுதிப் பிள்ளைகளும் வருகிறார்கள். முழுத் தளத்தையும் மும்மொழியில் கொண்டுபோகச் சங்கத்தால் முடியாது. இந்த ஒரு பக்கத்தையாவது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கொடுங்கள்.

அதே பக்கத்தின் மேற்பகுதியில் பகிடிவதை பற்றி இரண்டு வரி இருக்கட்டும்: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், முறைப்பாட்டுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணைப்பு இது. பெற்றோர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தமிழ் எழுத்தில் வருகிற சிக்கல்கள்

சங்க யாப்பு, பழைய அறிக்கைகள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். ஆனால் அதற்குள் இருந்த ஆங்கிலச் சொல்லும் மின்னஞ்சல் முகவரியும் தமிழ்க் குப்பையாகிவிடும். எனவே மாற்ற முன் அவற்றை வெட்டித் தனியே வையுங்கள். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத பிழை: ‘பௌதிகவியல்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து அடித்தால் பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் வராது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். சாதாரணம், தடிப்பு என இரண்டு கனத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். எழுத்தளவு 17 அல்லது 18 பிக்சல், வரியுயரம் அதன் 1.7 மடங்கு. ஆங்கில வார்ப்புருக்களில் வரியுயரம் பெரும்பாலும் 1.4, 1.5 என்றே இருக்கும். அதில் மேல் வரியின் ‘கு’, ‘ழு’ வால்கள் கீழ் வரியின் விசிறியில் (‘கி’யின் மேல்வளைவில்) முட்டும். தலைப்புகளுக்கு எழுத்திடைவெளி கூட்டுகிற கட்டளை இருந்தால் அதைச் சுழியமாக்குங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கலாம். ‘புதிய உறுப்பினர் பதிவு’ என்கிற பொத்தான் 360 பிக்சல் அகலத் திரையில் உடைகிறதா என்று பாருங்கள். உடைந்தால் ‘சேர’ என்று எழுதினாலே போதும்.

பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்க ஆசை வரும். ‘உறுப்பினர்’ என்ற சொல் கணினிக்குப் பத்துக் குறிகள். வட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரிந்து, ஒரு சொல்லுக்கே தொண்ணூறு எழுத்தாகும். முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில், குட்டையாக இருக்கட்டும்.

படங்களும் பாரமும்

கைபேசியில் எடுத்த படம் மூன்று, நான்கு எம்பி வரும். அகலத்தை 1200 பிக்சலாக்கி வெப்பி வடிவில் சேமித்தால் 150 கேபிக்குள் அடக்கலாம். முகப்புப் பக்கம் முழுவதும் 500 கேபியைத் தாண்டக்கூடாது. அறிவித்தலைப் படமாகப் போடுகிற பழக்கத்தை விடுங்கள். பாரமும் கூட, தேடலிலும் வராது. வட்ஸ்அப்பில் இணைப்போடு தெரிகிற படத்துக்கு மட்டும் 1200க்கு 630 என்ற அளவு. வளாக வைஃபையில் சோதித்துத் திருப்திப்படாமல், சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்குகிற இடத்தில் நின்று திறந்து பாருங்கள்.

உறுப்பினர் பகுதி

இதைத் தளத்துக்குள் வைக்காமல் இருப்பதே நல்லது. கிட்ஹப் போன்ற இலவச இடங்களில் இருக்கிற நிலையான தளத்தில் (கோப்புகளை அப்படியே காட்டுகிற தளத்தில்) ஜாவாஸ்கிரிப்டால் போடுகிற கடவுச்சொல் ஒரு பூட்டே அல்ல. பக்கத்தின் மூலக்குறியைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். கூட்டக் குறிப்பு, கணக்கு, பழைய வினாத்தாள் எல்லாம் கூகுள் ட்ரைவில், உறுப்பினரின் மின்னஞ்சலுக்குத் தனித்தனியே அனுமதி கொடுத்து வையுங்கள். ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற தெரிவு ஒரு பட்ச் குழுவுக்குள் போனால் ஊர் முழுக்கப் போய்விடும்.

பதிவுப் படிவத்தில் பெயர், பீடம், மாவட்டம், தொடர்பு எண் போதும். அடையாள அட்டை இலக்கமும் விடுதி அறை எண்ணும் சங்கத்துக்கு எதற்கு? புதிய பெண்பிள்ளைகளின் எண்கள் கைமாறுவது இப்படித்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கூகுள் படிவத்தில் பதில்களின் சுருக்கத்தைக் காட்டுகிற தெரிவு அணைந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள். அது திறந்திருந்தால் படிவம் நிரப்பிய எவரும் மற்றவர்களின் விபரத்தைப் பார்க்கலாம். கோப்பு ஏற்றச் சொல்லிக் கேட்டால் கூகுள் கணக்கில்லாதவரால் படிவத்தை நிரப்பவே முடியாது.

கைமாற்றம்

டொட் எல்கே (.lk) என்று முடிகிற தளப் பெயரைச் செயலாளர் தன் மின்னஞ்சலில் பதிவார், பட்டம் முடித்து வெளிநாடு போவார், புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்கே போகும், தளம் மறையும். இதைத் தவிர்க்கச் சங்கத்துக்கென ஒரு ஜிமெயில் திறந்து பெயர், தளம், ட்ரைவ் எல்லாவற்றையும் அதில் பதியுங்கள். மீட்பு எண் பெரும் பொருளாளருடையதாக இருக்கட்டும், அவர் விரிவுரையாளர், சீக்கிரம் மாறமாட்டார். இருபடி உறுதிப்படுத்தலை இயக்கி, கூகுள் தருகிற பத்து மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துச் சங்கக் கோப்பில் வையுங்கள். இரண்டு வருடம் எவரும் நுழையாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால் ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் முதல்நாள் புதிய செயலாளர் பழையவரின் முன்னால் உள்நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றி, முகப்பில் ஒரு வரி திருத்தி வெளியிட்டுக் காட்டட்டும். அதன்பிறகு பதவியை ஒப்படைக்கலாம்.