சிறிய இணையச் சதுரங்கப் போட்டியின் மூலம் உங்கள் குழுவை வளர்ப்பது எப்படி?

2025-இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அத்தகைய அரங்கும் பரிசுத்தொகையும் இல்லாமலேயே, இருபது பேர் மட்டும் உள்ள ஒரு வாட்ஸ்அப் அல்லது டிஸ்கார்ட் குழு அதே ஆட்டத்தை வைத்துப் புதியவர்களை ஈர்க்க முடியும்.

முதலில் லிசெஸ் (lichess.org) என்னும் இணையச் சதுரங்கத் தளத்தில் கணக்கு தொடங்கி, குழுவின் பெயரில் ஓர் அணியை உருவாக்குங்கள். நன்கொடையால் இயங்கும் அத்தளத்தில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. அணியின் அறிமுகப் பகுதியில் உங்கள் குழுவில் சேர்வதற்கான இணைப்பைக் கட்டாயம் கொடுங்கள்.

அடுத்து, போட்டி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பதினாறு பேர் ஆடும் நாக்-அவுட் போட்டியில் முதல் சுற்று முடிந்ததுமே எட்டுப் பேர் வெளியேறிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் நீங்கள் தக்கவைத்துக்கொள்ள விரும்பிய புதியவர்கள். குறித்த நேரம் முடியும்வரை அடுத்தடுத்து ஆடிப் புள்ளி சேர்க்கும் அரீனா முறையில் தோற்றவருக்கும் உடனே அடுத்த எதிராளி கிடைப்பார். தாமதமாக வருபவரும் சேரலாம், இடையில் எழுந்து செல்பவரால் எவருடைய ஆட்டமும் தடைபடாது. எனவே முதல் போட்டிக்கு அரீனாவே ஏற்றது. உறுப்பினர்கள் சரியான நேரத்துக்கு வந்து பழகிய பிறகு, யாரையும் வெளியேற்றாமல் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய சம புள்ளி பெற்றவர்களை மோதவிடும் சுவிஸ் முறைக்கு மாறலாம்.

ஆளுக்கு ஐந்து நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக மூன்று விநாடியும் வையுங்கள். நாற்பது நகர்வு கொண்ட ஆட்டம்கூடப் பதினான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் ஐந்தாறு பேருடன் ஆடிவிடலாம். ஆட்டத் திறனைக் காட்டும் தரப்புள்ளி (ரேட்டிங்) குறையுமோ என்ற அச்சம் புதியவர்களைத் தடுக்கும். ஆகவே தரப்புள்ளிக் கணக்கை அணைத்துவிடுங்கள். நேரத்தைப் பாதியாக்கிக் கூடுதல் புள்ளி பெறும் பெர்செர்க் வசதியும் தொடக்கத்தில் வேண்டாம்.

ஞாயிறு மாலை 7 மணி சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வசதியானது. அப்போது சிங்கப்பூரில் இரவு 9.30 என்பதால், இதைவிடத் தாமதிக்க வேண்டாம். ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும், அரை மணி நேரம் முன்பும் அறிவிப்பு அனுப்புங்கள். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு நண்பரை அழைத்துவரட்டும்.

நுழைவுக் கட்டணம் வாங்கவே கூடாது. பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களை இந்திய நாடாளுமன்றம் 2025-இல் சட்டமியற்றித் தடைசெய்துள்ளது. அடுத்த போட்டியின் நேர அளவைத் தீர்மானிக்கும் உரிமையையே வெற்றியாளருக்குப் பரிசாக அளிக்கலாம். யாரேனும் கணினி உதவியுடன் ஆடுவதாகத் தோன்றினால், தளத்திடம் புகார் அளியுங்கள். குழுவில் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள்.

போட்டி முடிந்த பின் வரும் அரை மணி நேரத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். புதிதாக வந்த ஒருவரின் ஆட்டத்தை, அவருடைய சம்மதத்துடன் எடுத்து, அதன் இணைப்பைக் குழுவில் பகிருங்கள். எங்கள் குழுவில் ஒருமுறை, 14-ஆவது நகர்வில் குதிரையை இழந்த ஒரு மாணவியின் ஆட்டத்தைப் பகிர்ந்து, “இந்த இடத்தில் நீங்கள் என்ன ஆடியிருப்பீர்கள்?” என்று கேட்டோம். யானையை நகர்த்தலாம் என்று ஒருவர் சொன்னார். அது ஏன் சரிப்படாது என்பதை அந்த மாணவியே விளக்கினார். அடுத்த வாரம் அவர் தம் தம்பியையும் அழைத்துவந்தார்.

அந்த உரையாடல் ஓய்வதற்குள் அடுத்த போட்டியை லிசெஸில் உருவாக்கி, அதன் இணைப்பைக் குழுவில் பதிவிட்டுவிடுங்கள்.